காரீயத்துக்குச் சாகாதவை

என் புருஷனைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் நான் மல்லுக்கு நிற்பேன். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நிற்கிற மனுஷன். அப்பேர்ப்பட்டவர்தான் என் பிழைப்பில் மண்ணைப் போட்டார். ஒரு கெட்டவன் செய்திருந்தால் நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். இவரை என்ன செய்வது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நான் விமலாராணி. விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். கௌரவம் பெயரோடு சரி. அவர் லாரன்ஸ், ஒரு செராமிக் கம்பெனியில் கிளேஸ் பிரிவைப் பார்க்கிறார். கப்பு, சாஸர், பொம்மை இவற்றின் மேல் கண்ணாடி மாதிரி மினுமினுக்கிறதே ஒரு பூச்சு, அதுதான் கிளேஸ். அந்தக் கலவையில் என் புருஷனை மிஞ்ச எங்கள் ஊர் செராமிக் பேட்டையில் ஆள் இல்லை. இதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது, தலையெழுத்து.

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஹைட்ரா வளர்த்தேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் பார்த்திருப்பீர்கள். குளத்தில் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் உயிர். நூலை அறுத்தால் நுனி பிரிந்து நிற்குமே, அந்த அளவுதான், அந்த உருவம்தான். பிரிந்து நிற்கிற நுனிகள் அதன் கைகள். இரண்டாக வெட்டினால் இரண்டும் பிழைத்துக்கொள்ளும். தீனியும் நல்ல தண்ணீரும் இருந்தால் அதற்கு வயசே ஆவதில்லை என்று பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தண்ணீரில் விஷம் கலந்தால் முதலில் சாவதும் அதுதான். தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று பார்க்கவே அதை வளர்க்கிற ஆராய்ச்சிக்கூடங்கள் உண்டு.

என்னுடையவை வேறு ரகம். செராமிக் பேட்டைக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனி களிமண் எடுத்த குழி. கிளேஸ் கழுவின தண்ணீரை வருஷக்கணக்கில் அதில்தான் விட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து கிளேஸில் காரீயம், அதாவது லெட், அள்ளிப் போடுவார்கள்; இப்போதும் அறவே விட்டபாடில்லை. அந்தத் தண்ணீரில் மீன் கிடையாது, தவளை கிடையாது, கொக்கு கூட வந்து உட்காராது. நான் மாணவர்களை அழைத்துப் போனதே, பாருங்கள், இதில் ஒரு உயிரும் இருக்காது என்று காட்டத்தான். வாத்தியார் வேலை பார்க்கப் போன எனக்கு அன்றைக்கு நன்றாகவே மூக்குடைந்தது. பாசித் துணுக்கில் ஒட்டிக்கொண்டு ஒன்று கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மற்றக் குளத்து ஹைட்ரா சுருண்டு சாகிற அளவுக்குக் காரீயம் கலந்த தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். அது சாகவில்லை. சாகாதது மட்டுமா, அந்தத் தண்ணீரிலேயே நின்றுகொண்டு பக்கத்தில் ஒரு மொட்டு விட்டுக் குட்டி போட்டது. அன்றைக்கு நான் பின்னறையில் தனியாக ஆடினேன். லாரன்ஸ் வந்து, "என்னா விமலா, சாமி வந்துடுச்சா?" என்று கேட்டார்.

இதைச் சென்னையில் ஒரு கருத்தரங்கில் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பேராசிரியர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, பாத்திரத்தை ஒழுங்கா கழுவினீங்களா?" என்றார். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு என் காதிலிருந்து போகவே இல்லை. சோறாக்கும்போது, துணி காயப்போடும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, எங்கே இருந்தாலும் கேட்கும். பொய் சொன்னவள் என்று கூடச் சொல்லவில்லை பாருங்கள், பாத்திரம் கழுவத் தெரியாதவள் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு பள்ளத்தையும் மூடினார்கள். கட்டட இடிபாடுகளைக் கொட்டி, மண் அடித்து, இப்போது அதன் மேல் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. கல்லூரியில் ஒரு பங்கு வைத்திருந்தேன். கோடை விடுமுறையில் கரண்டு போய், அறை பூட்டிக் கிடந்து, வெந்து போனது. மிச்சம் என் வீட்டில் இருந்தவை மட்டும்தான். உலகத்திலேயே அவ்வளவுதான். செத்துப்போனதை ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருக்கிறேன், ஆனால் செத்ததைக் காட்டி இது சாகாது என்று யாரை நம்பவைக்க முடியும்?

கடைசியில் ஒரு வழி திறந்தது. என்னிடம் படித்த வெண்பா இப்போது பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். அவளே போன் செய்தாள். "மேம், எங்க சார் ஒத்துக்கிட்டாருங்க. செவ்வாய்க்கிழமை உயிரோட கொண்டாந்துடுங்க. அவர் கண்ணு முன்னாலயே லெட் தண்ணில போட்டுக் காட்டிடலாம். அப்பறம் பாருங்க, யாரு சிரிக்கிறாங்கன்னு." போனை வைத்துவிட்டு நான் அழுதேன். லாரன்ஸ் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தார், ஐஸ் பெட்டிக்கு அளவாகத் தெர்மாகோல் வெட்டினார். என்னை விட அவருக்குத்தான் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஸ்ரீமுஷ்ணத்தில் என் அக்காள் அருள்ஜோதியின் மாமியார் இறந்துபோனார். போகாமல் இருக்க முடியுமா? அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் காரியம் வரை இருந்தாக வேண்டும். கிளம்பும்போது லாரன்ஸிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"இங்க பாருங்க. பைப்பு தண்ணி ஆகாது, கேன்ல கலந்து வெச்சிருக்கற தண்ணிதான். தீனி போட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு தண்ணி மாத்திடணும். உங்க கம்பெனி கையோட தொடாதீங்க, லெட்டு பட்டுச்சுன்னா நான் செய்யற சோதனையே கெட்டுப்போயிடும். ஒன்னு கூடக் கொறையக் கூடாது."

"நீ நிம்மதியா போயிட்டு வா. ஒன்னு கூடக் கொறையாது" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தேன். ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்னால் எங்கள் தெரு. ஆட்டோ திரும்பும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தார். கம்பெனிக்கு லீவு போட்டிருக்கிறார். முகமெல்லாம் பல். பையைக் கூட இறக்கவிடவில்லை. "கண்ண மூடிக்க" என்று கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனார். இந்த வயசில் இதெல்லாம் என்ன கூத்து என்று சிரித்துக்கொண்டேதான் போனேன்.

"இப்பத் தொறந்து பாரு."

என் பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒன்றையும் காணோம். அவை இருந்த இடத்தில் வரிசையாகக் கிண்ணங்கள். அகலமான, ஆழம் குறைந்த, உட்புறம் பளபளவென்று கரும்பச்சை நிறம் பூசிய கிண்ணங்கள். அவ்வளவு அழகு. அதை இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். வாழையிலைக்கு எண்ணெய் தடவின மாதிரி ஒரு பச்சை.

"வெள்ள டப்பாவுல வெள்ளப் பூச்சி. கண்ண இடுக்கி இடுக்கிப் பாக்கறியே, தலவலின்னு படுத்துக்கறியே. அதான் இருட்டு கலருல போட்டேன். பச்சைக்கு மேல பளிச்சுனு தெரியும் பாரு. பிளாஸ்டிக்கு சூடாவும், இது குளுகுளுன்னு இருக்கும். ஒரு மாசமா உனுக்குத் தெரியாம கம்பெனியில செஞ்சேன்" என்றார். "பெங்களூருக்கும் இதுலயே கொண்டு போ. நம்ம ஊரு சாமான்னு அவுங்களுக்கும் தெரியட்டும்."

நான் குனிந்து பார்த்தேன். பளிச்சென்றுதான் தெரிந்தன. கைகளை நீட்டி அலைந்துகொண்டிருக்க வேண்டியவை ஒன்றும் கையை நீட்டவில்லை. கைகள் உள்ளே இழுபட்டு, நுனி உருண்டு, குண்டூசித் தலை மாதிரி இருந்தன. சிலவற்றுக்குக் கையே இல்லை, வெறும் கட்டையாக அடியில் கிடந்தன. ஓரத்தில் இருந்தவை கரைய ஆரம்பித்திருந்தன.

"இந்தப் பச்சை எதுல வந்துது?" என்றேன். 

"காப்பர் ஆக்சைடுதான். பயப்படாத, லெட்டு ஒரு துளி கெடையாது. உனுக்குன்னு தனியா கலவை போட்டேன். ராத்திரி பூரா எலுமிச்சஞ்சாறு ஊத்தி வெச்சுப் பாத்தேன், கலரு மாறவே இல்ல. டீ ஊத்திக் குடிக்கலாம், அவ்ளோ சுத்தம்."

காப்பர். தாமிரம். காரீயத்தைத் தாங்குகிற என் ஹைட்ராவுக்குத் தாமிரம் ஆகாது. எந்த ஹைட்ராவுக்குமே ஆகாது. ஒரு குடத்துக்குள் கடுகளவு கரைந்தாலும் அதை முடித்துவிடும். மனுஷன் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாத அளவு, எலுமிச்சைக்கும் கண்ணுக்கும் அகப்படாத அளவு, அதற்கு எமன்.

"யோவ்!" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "என்னய்யா பண்ணி வெச்சிருக்க? தாமிரத்துல கொண்டு போட்டிருக்கியே! பழைய டப்பா எங்க? அதுல எத்தினி விட்டு வெச்சிருக்க?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பெருமையாகச் சொல்ல வேண்டியதைப் பயந்துகொண்டே சொன்னார். "ஒன்னு கூட விடல விமலா. சொட்டு மருந்துக் குழாயால ஒவ்வொன்னா எடுத்து விட்டேன். டப்பாவெல்லாம் சோப்பு போட்டுக் கழுவி மாடில காய வெச்சிருக்கேன். நீதான ஒன்னு கூடக் கொறையக் கூடாதுன்ன?"

தலையில் அடித்துக்கொண்டேன். சோம்பேறிக்கு வாக்கப்பட்டிருந்தால் பாதியை டப்பாவிலேயே விட்டிருப்பான், என் குடும்பம் பிழைத்திருக்கும்.

"தாமிரம்னா என்னா விமலா? எங்கம்மா செம்புக் கொடத்துலதான தண்ணி புடிச்சு வெப்பாங்க. கிருமி சாவும், ஒடம்புக்கு நல்லதுன்னுதான எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

"கிருமி எதுக்குச் சாவுது? அதுக்குத்தான் இதுவும் சாவுது" என்று சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கினேன்.

வீட்டில் இருந்த கண்ணாடி டம்ளர்களையெல்லாம் எடுத்தோம். நல்ல தண்ணீர் ஊற்றி, உருவம் மிச்சம் இருந்தவற்றை ஒவ்வொன்றாக மாற்றினோம். அவர் ஒவ்வொன்றுக்கும் நேரமெடுத்துக்கொண்டார். "கொடுங்க, நானே பாத்துக்கறேன்" என்று குழாயைப் பிடுங்கினேன். தீனி போட்டேன்; ஒன்றும் தொடவில்லை. கையில்லாததற்கு வாயெங்கே திறக்கும்? ஆனாலும் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. வெட்டினால் பிழைக்கிற ஜாதி. நசுக்கித் துணியில் வடிகட்டினால் கூட, மிஞ்சிய துகள்கள் ஒன்றுகூடி மறுபடியும் ஒரு ஹைட்ரா ஆகும் என்று நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஒரே ஒரு துணுக்கு தப்பினால் போதும், அதிலிருந்து பழையபடி எல்லாவற்றையும் உண்டாக்கிவிடலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒன்று தலையைத் தூக்கியது. லென்சை வைத்துப் பார்த்தால் உச்சியில் இரண்டு சின்ன முளை. கை முளைக்கிறது. "ஏங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் லாரன்ஸ் சவரம் செய்த பாதி முகத்தோடு ஓடி வந்தார். பார்த்தார். அப்படியே முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அந்தோணியார் சிலை இருக்கிற கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். நானும் ஏற்றச் சொல்லிக் காசு கொடுத்தனுப்பினேன், எனக்கென்ன வெட்கம்.

சனிக்கிழமை அந்த முளைகள் உள்ளே போய்விட்டன. மத்தியானத்துக்குள் அது டம்ளரின் அடியில் ஒரு புகைத் திட்டாக ஆகிவிட்டது. மற்றவை அதற்கு முன்பே போய்விட்டன. லென்சை வைத்துக்கொண்டு டம்ளர் டம்ளராகப் பார்த்தேன், திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். உடைகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சத்தமே இருக்காது.

வெண்பாவுக்குச் சொல்ல வேண்டும். போனை எடுத்து எடுத்து வைத்தேன். லாரன்ஸிடம் பேசவில்லை. அவர் சோறு போட்டுக்கொண்டு தின்றார், எனக்கும் போட்டு மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனவர் வீட்டுக்கு வரவில்லை. டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருக்கிறார். இருட்டுகிற நேரத்துக்கு வந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு, கையில் ஒரு சாக்குப் பை. பைக்குள் பாட்டில்கள், பாட்டில்களுக்குள் பாசியும் அல்லி இலையும். கருவேப்பிலங்குறிச்சி ஏரி, வழியில் இருந்த வாய்க்கால், குட்டை, ஒன்றையும் விடவில்லை.  அவர் பாட்டுக்கு வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் என்னை வந்து எழுப்பினார். "விமலா, கோவப்படாம ஒரு தடவ வந்து பாரு. கெடச்சிடுச்சு."

டம்ளரில் நாலைந்து இருந்தன. நல்ல ஹைட்ரா. நீளமாக, கொழுகொழுவென்று, கைகளை முழுசாக விரித்து அலைந்துகொண்டிருந்தன. ஒன்று குட்டி கூட விட்டிருந்தது. எத்தனை நாளாயிற்று இப்படிக் கை விரித்து ஒன்றைப் பார்த்து.

"அதேதான? நான் நல்லாப் பாத்தேன், ஒரு வித்தியாசமும் இல்ல. ஏரி பூரா கெடக்குது. இன்னிக்கி ராத்திரி வண்டிக்கு இதையே எடுத்துக்கிட்டுப் போவலாம்" என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அவர் என்னை ஏமாற்றச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே அது அதுதான். கப்பு உடைந்தால் அதே அச்சில் இன்னொரு கப்பு ஊற்றுகிற மனுஷன்.

நான் வாயால் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவர் பார்க்கட்டும் என்று ஆங்காரம் வந்தது. அலமாரியில் இருந்த காரீயத் தண்ணீரை எடுத்து, வழக்கமான அளவு கலந்து, அவர் கொண்டுவந்ததில் மூன்றை அதில் விட்டேன். "உக்காந்து பாருங்க" என்று லென்சை அவர் கையில் கொடுத்தேன்.

உட்கார்ந்தார். நான் போய் டீ போட்டு வந்தேன். அவர் டீயைத் தொடவில்லை. ஜங்ஷனில் ஏதோ ரயிலுக்கு அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில், "விமலா, கைய மடக்குது" என்றார்.

"மடக்கும்."

"நுனி உருண்டுக்கிச்சு. அன்னைக்கு மாதிரியே." லென்சை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எடுத்துடு விமலா. பாவம், எடுத்து நல்ல தண்ணியில விடு."

எடுத்து விட்டேன். 

"நம்மளுது?" என்றார்.

"நம்மளுது இந்தத் தண்ணியில நின்னு தின்னும். குட்டி போடும்."

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பன்னிரண்டு வருஷமாக எதற்காகப் பின்னறையில் கிடந்தேன் என்று அப்போதுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. முகம் அப்படியே விழுந்துவிட்டது. அவருக்குப் புரிய வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். புரிந்த பிறகு, ஐயோ, ஏன் காட்டினோம் என்று இருந்தது. போய் அவர் தோளில் கை வைத்தேன். 

போன் அடித்தது. வெண்பா. நான் எடுக்கவில்லை. நின்று மறுபடியும் அடித்தபோது லாரன்ஸ் எடுத்தார். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"மேம், நாளைக்கு ஸ்டேஷனுக்கு நானே வந்துடறங்க. சாரும் காலைலயே லேபுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டாரு."

"நான் லாரன்ஸ் பேசறேம்மா. அது எல்லாம் செத்துடுச்சும்மா. உங்க மேடம் மேல தப்பு இல்ல. நான்தான் தாமிரம் போட்ட பாத்திரத்துல விட்டுட்டேன்."

 "ஒன்னு கூடவா சார்?" என்று கேட்டாள் வெண்பா.

"ஒன்னு கூட இல்லம்மா. ஆனா உங்க மேடம் சொன்னது அத்தனையும் நெசம். பாத்திரமெல்லாம் சுத்தமாத்தான் கழுவுவாங்க. ஏரிப் பூச்சி அந்தத் தண்ணியில சுருண்டுக்கிச்சு, இப்பதான் பாத்தேன். நம்மளுது சுருளாது. அத நான் வருஷக்கணக்கா கண்ணால பாத்திருக்கேன். உங்க சார்கிட்ட நான் வந்து சொல்றேன். எங்க வந்து வேணும்னாலும் சொல்றேன், சத்தியம் பண்றேன். நீ என்ன நம்பறியா இல்லியாம்மா?"

"நான் நம்பறேன் சார்" என்றாள் வெண்பா. அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "ஆனா நான் நம்பி என்னா சார் ஆவும்?"

லாரன்ஸ் போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.